இரண்டு துளை

ஆகஸ்ட் 9, வெள்ளி

இது குதிரையின் நோட்டு, என்னுடையது அல்ல. லாயத்து முதலாளி கனகவேல் அட்டை போட்டு, மேலே ஒட்டுத்தாளும் ஒட்டிக் கொடுத்தார். "இளங்குதிரை பழக்கறவங்க தெனமும் எழுதியே ஆகணுங்க டாக்டர். என்ன தின்னுச்சு, எதுக்கு மிரண்டுச்சு, எல்லாமே. பொய் எழுதக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

ஆகவே முதலில் உண்மைகள். நேற்று அந்தியூர்ச் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். நான் கோகிலவாணி, வயது நாற்பத்தெட்டு, கோவையில் பல் டாக்டர். கல்லூரி நாட்களில் குதிரை ஏறியவள். இடையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஏறவில்லை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதால் ஜூனில் மறுபடி ஆரம்பித்தேன். "எல்லாரும் வாக்கிங் போவாங்க. நீ குதிரை. அடுத்து என்ன, வாள் சண்டையா?" என்று என் கணவர் தியாகு கேட்டார்.

சந்தையில் விற்றவர் "நாலு வயசுங்க, இன்னிக்கே ஏறலாம்" என்று சத்தியம் செய்தார். நான் குதிரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் நடுவில் ஒரு பால்பல் இன்னும் விழாமல் நின்றது. இரண்டரை வயதுதான். "பல்லைப் பத்தி மட்டும் எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க" என்றேன். அவருக்குக் கோபம். நெஞ்சில் இருக்கும் சுழி ஆகாது என்று சொல்லி மற்றவர்கள் ஒதுக்கிய குதிரை அது, அதனால் கடைசியில் விலையில் இறங்கிவந்தார்.

கூட வந்தவர் மாசிலாமணி அண்ணா. கனகவேலின் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர், அறுபத்துமூன்று வயது. எனக்கு அவரை முன்பே தெரியும், வேறொரு லாயத்தில். அது இந்த நோட்டுக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெயர் வைத்தாயிற்று: சீரகம். நிறம் அப்படியே அதுதான். "மகாராணி, மின்னல்னு ஏதாவது வைப்பீங்கன்னு பாத்தா, மளிகைச் சாமானாட்ட வெச்சுட்டீங்க" என்று கனகவேல் சிரித்தார். பசும்புல் தின்றது. ஊறவைத்த கொள்ளைப் பாதி தின்று, மீதியை என் சட்டையில் துப்பியது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாசிலாமணி அண்ணாவின் பழக்கும் முறை இதுதான்: ஒன்றும் செய்வதில்லை. வட்டமான பட்டிக்குள் போய்க் குதிரைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கால் மணி நேரம் ஆனது. சீரகம் மூக்கை ஊதிக்கொண்டு வந்து அவருடைய சட்டைக் காலரை மோந்தது. அப்போதும் திரும்பவில்லை. "அதுவா வரட்டுமுங்க. நாம்ப போய்ப் புடிச்சா அது நம்மளோடது. அதுவா வந்தா நாம்ப அதோடது" என்றார்.

ஜூனில் முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தார். "கோகிலாம்மணிங்களா! சாமி, எத்தன வருசமாச்சுங்க! நல்லா இருக்கீங்ளா?" என்று கேட்டபோது முகமெல்லாம் சிரிப்பு. நான் கிழக் குதிரை ஒன்றில் ஏறி இரண்டு சுற்று வந்தபோது, "முதுகு அப்படியே இருக்குதுங்க, மாறவே இல்ல" என்று எல்லாரிடமும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேலே உள்ள கடைசி வரி குதிரையைப் பற்றியது அல்ல.

செப்டம்பர் 1, ஞாயிறு

மழை. வெளியே விடவில்லை. ஊறவைத்த கொள்ளு புளித்துவிட்டது, கொட்டினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஒரு மாதமாகக் கோணிப்பை. அதைச் சீரகத்தின் முதுகில் போட்டு எடுத்து, வயிற்றில் தேய்த்து, காலுக்கிடையில் விட்டு, எதற்கும் மிரளாமல் நிற்கக் கற்றுக்கொடுத்தோம். இன்று முதன்முதலாக வயிற்றுப்பட்டை.

இந்த நோட்டைக் குதிரை தெரியாத யாராவது படித்தால் புரிய வேண்டும். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டி நிறுத்துவது ஒரு தோல்பட்டை. இடுப்பு பெல்ட்டில் இருப்பதுபோலத் துளைகள் இருக்கும். கட்டும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். இறுகிவிட்டது என்று நாம் நினைப்போம். பத்தடி நடந்ததும் மூச்சை விடும், பட்டை தொளதொளத்துவிடும். அதனால் ஒருமுறை இறுக்கி, கொஞ்சம் நடக்கவிட்டு, ஏறுவதற்கு முன் மறுபடி இறுக்க வேண்டும். குதிரைக்காரர்களின் அரிச்சுவடி இது.

சீரகம் கெட்டிக்காரி. பட்டையைப் பார்த்ததுமே பூரி மாதிரி உப்பிவிட்டாள். நான் திணறுவதை மாசிலாமணி அண்ணா பத்தடி தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "நடக்க உடுங்க அம்மணி... இப்பப் பாருங்க, மூச்ச உடுது... இப்ப ஒரு துளை." வாயால் எல்லாம் சொன்னார். பக்கத்தில் வரவில்லை.

"அவரு பட்டையத் தொடமாட்டாருங்க. குளிப்பாட்டுவாரு, லாடம் பாப்பாரு, ராப்பகலா மருந்து குடுப்பாரு. பட்டை மட்டும் தொடமாட்டாரு. வேலைக்குச் சேரயிலயே சொல்லிட்டாரு" என்றார் கனகவேல். பழைய இடத்தில் சேணம் சரிந்து ஒரு பெண் விழுந்துவிட்டாளாம், இவர் பட்டையைச் சரியாக இறுக்காததால். என்னிடம் அவர் இதைச் செய்தியாகச் சொன்னார்.

நானும் செய்தியாகவே கேட்டுக்கொண்டேன். "அப்படீங்களா" என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

கிளினிக்கில் எழுதுகிறேன். வேர் சிகிச்சைக்கு வந்தவருக்கு மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும்.

அந்தப் பெண்ணின் பெயர் ரேணுகாதேவி. கர்னலின் ஒரே மகள். கர்னல் ராணுவத்திலிருந்து வந்து அவிநாசி சாலைப் பக்கம் குதிரையேற்றக் கிளப் நடத்தினார். ரேணுவும் நானும் ஒரே வயது, ஒரே டிபன் டப்பா. நான் பல் மருத்துவம் கடைசி வருடம். 1999, குடியரசு தினம், கிளப்பில் தடை தாண்டும் போட்டி. மூன்றாவது தடையில் சேணம் சரிந்து, ரேணு குதிரைக்கு அடியில் போனாள். இடுப்பெலும்பும் தொடையும் நொறுங்கின. தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தவள். அதற்குப் பிறகு தடியில்லாமல் நடக்கவில்லை.

அன்று நானும் அங்கே இருந்தேன்.

மரத்துப்போய்விட்டதாம். போகிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

சீரகம் நீளக் கயிற்றில் வட்டம் சுற்றக் கற்றுக்கொண்டாள். இடப்பக்கம் அழகாக ஓடுகிறாள். வலப்பக்கம் என்றால் நின்று என்னை முறைக்கிறாள்.

அவள் வியர்வை ஆறும்வரை அண்ணாவும் நானும் டீ குடித்தோம். நான் கேட்காமலே பேசினார். கர்னல் அன்றைக்கே போகச் சொன்னாராம். ஊட்டி வரை எந்த லாயத்திலும் சேர்க்காதபடி சொல்லியும் வைத்தாராம். "அவரு மேல தப்பில்லீங்க. புள்ளையப் பெத்தவரு" என்றார். அதன்பிறகு பதினெட்டு வருடம் தண்ணீர் லாரி. "லாரியில கூட, மூடிய முடுக்கீட்டு எறங்குவனுங்க. மறுக்கா ஏறிப் பாப்பன். மறுக்காலும் ஏறிப் பாப்பன். கூட வர்றவனுக சிரிப்பானுக. என்ன பண்றதுங்க, கை மேல நம்பிக்கை போயிருச்சு."

"அன்னைக்குக் காத்தால நாந்தான் இறுக்குனன். நடக்கவுட்டு ரெண்டாந்தரமும் இறுக்குனன். அஞ்சாந்துளை. எனக்கு நல்லா நெனப்பு இருக்குதுங்க. ஆனா நெனப்பு இருந்து என்ன பண்றது, சேணம் சரிஞ்சுதே. அப்ப நான் இறுக்கலைன்னுதானுங்களே அர்த்தம்?"

என்னிடம்தான் கேட்டார். டீ சூடாக இருப்பதுபோல ஊதிக்கொண்டிருந்தேன். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

பிறகு சொன்னார்: ஒவ்வொரு ஜனவரி 26ஆம் தேதியும் ரேணுவின் வீட்டுக்குப் போகிறாராம். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய், வாசலில் நின்று, மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாராம். ஒரு வருடம்கூட விட்டதில்லை. கர்னல் இருந்தவரை கேட்டோடு சரி. அவர் போனபிறகு ரேணு உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வாளாம். "நான் உக்காரமாட்டனுங்க. எந்த மொகத்த வெச்சுட்டு உக்கார்றது?"

நான் ரேணுவை ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தேன், ஆப்பிளோடு. பிறகு பரீட்சை வந்தது. பிறகு கல்யாணம் வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை, ஆனாலும் போகவில்லை. ஒரே ஊர், ஏழு கிலோமீட்டர்.

அக்டோபர் 8, செவ்வாய்

பொய் எழுதக்கூடாது என்று கனகவேல் சொன்னதால் ஒரு திருத்தம். சர்க்கரைக்காக நான் குதிரை ஏற வரவில்லை. என் சர்க்கரை ஒழுங்காகத்தான் இருக்கிறது.

மே மாதம் கனகவேல் கடைவாய்ப்பல் பிடுங்க என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஊசி போடுமுன், பயத்தில் தன் லாயத்தைப் பற்றி ஓயாமல் பேசினார். "மாசிலாமணின்னு ஒருத்தருங்க டாக்டர், குதிரை பழக்கறதுல அவருக்கு ஈடே கெடையாது. ஆனா வயித்துப்பட்டைய மட்டும் தொடமாட்டாரு" என்றார். என் கையிலிருந்த ஊசி தரையில் விழுந்தது. "நீங்களே பயப்படுறீங்களே" என்றார் அவர். அடுத்த வாரம் சேர்ந்துவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு லாயம் இருக்கிறது.

எதற்காகச் சேர்ந்தேன் என்று கேட்டால், அவரைப் பார்க்க. பார்த்து, அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகப் போய்விட. அவ்வளவு கேவலமான காரணம்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு

பால்பல் விழுந்துவிட்டது. டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். தியாகு தலையில் அடித்துக்கொண்டார்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி வெடிச் சத்தத்தில் மூன்று நாள் சீரகம் சரியாகத் தின்னவில்லை. இன்று தேவலை. முதுகில் வெறும் சேணத்தைக் கட்டி இருபது நிமிடம் ஓடவிட்டோம். நிறுத்தியதும் மூச்சு வாங்கினாள். நான் பக்கத்தில் போய், கழுத்தைத் தட்டிக்கொடுத்து, என்னை அறியாமலே பட்டையைத் தளர்த்திவிட்டேன். கை தானாகப் போனது.

"அதேதானுங்க!" என்றார் அண்ணா பின்னாலிருந்து. திரும்பினேன். மலர்ந்த முகம். "அப்பவும் இப்படித்தான பண்ணுவீங்க? எறங்குனதும் மொத வேலையா ரெண்டு துளை தளத்தி உட்ருவீங்க. மத்த பசங்க புள்ளைக எல்லாம் எறங்குனதும் ஓடிப்போயிரும். நீங்க ஒருத்தர்தான் குதிரை மூச்சு உடட்டும்னு நெனப்பீங்க. கர்னல்கிட்டக்கூடச் சொல்லியிருக்கறன். நல்ல பழக்கமுங்க அம்மணி."

தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

அந்தப் போட்டியில் ரேணுவுக்கும் எனக்கும் ஒரே குதிரை, சந்திரா என்ற பெட்டை. முதலில் நான் ஓடினேன். ஒரு தடையைத் தட்டிவிட்டேன், எரிச்சலில் இறங்கினேன். ஆனாலும் சந்திராவுக்கு மூச்சு வாங்கியதால் பட்டையை இரண்டு துளை தளர்த்திவிட்டேன். அண்ணா அப்போது அங்கே இல்லை. விழும் தடைக் கம்பங்களைத் தூக்கி வைக்க மைதானத்துக்குள் போயிருந்தார். வெயில். யாரோ எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். நடுவில் மூன்று பேர் ஓடி முடித்தார்கள். ரேணுவின் பெயரைக் கூப்பிட்டார்கள், அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே ஓடிவந்தாள்.

"பட்டை பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தாச்சு, ஏறு" என்றேன்.

பார்க்கவில்லை. காலையில் அண்ணா பார்த்தாரே என்ற நினைப்பில் சொன்னேன். நான் தளர்த்தியது எனக்கு நினைவே இல்லை. மூன்றாவது தடையில் சேணம் நழுவியதைப் பார்த்த அந்த நொடியில்தான் நினைவு வந்தது. என் இரண்டு விரல்களும் பட்டையின் பக்கிளைத் தள்ளியது அப்படியே விரலில் தெரிந்தது. இப்போதும் தெரிகிறது.

கர்னல் கத்தினார்: "யார் பட்டை கட்டினது?" அண்ணா முன்னால் வந்து, "நாந்தானுங்க" என்றார். நான் அவருக்கு நாலடி தள்ளி நின்றேன், கையில் ஜூஸ் டம்ளரோடு.

இரண்டு நாள் கழித்து, ரேணுவுக்கு அந்தக் காலை எதுவும் நினைவில்லை, தலையில் அடிபட்டதால் அப்படித்தான் இருக்கும், நினைவு திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அவளுடைய அம்மா அழுதார். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த தப்பு பட்டையைத் தளர்த்தியது அல்ல. அது நல்ல பழக்கம், அண்ணாவே சொல்கிறார். தப்பு அந்த நிம்மதி.

நவம்பர் 10, ஞாயிறு

கனகவேல் நோட்டைக் கேட்டார். காணவில்லை என்றேன். வரும் வழியில் புதிதாக ஒன்று வாங்கி, ஆகஸ்டிலிருந்து கொள்ளும் புல்லும் மட்டும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஆக, சீரகத்துக்கு இனி இரண்டு நோட்டு.

டிசம்பர் 1, ஞாயிறு

அண்ணாவிடம் சொல்லிவிடலாம் என்று நவம்பரில் நான்கு முறை முயன்றேன். முதல்முறை லாடம் அடிப்பவர் வந்துவிட்டார். இரண்டாவது முறை "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு" என்று ஆரம்பித்து, அவருக்குக் கீழ்த்தாடையில் பல் கட்ட வேண்டும், கிளினிக்குக்கு வாருங்கள் என்று முடித்தேன். வந்தார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் சொல்வது சுலபம், பதில் பேச முடியாது என்று மூன்றாவது முறை கணக்குப் போட்டேன். அதிலும் வாய் வரவில்லை. பல் நன்றாகப் பொருந்தியது. "உங்க கை ராசியான கை அம்மணி" என்றார். நான்காவது முறையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று சீரகத்தின் முதுகில் குறுக்காகப் படுத்தேன், மூட்டையைப் போல. நின்றாள். காதை மட்டும் பின்னால் திருப்பி, என்ன இது என்று கேட்டாள். இன்னும் சில வாரங்களில் ஏறிவிடலாம்.

"அண்ணா, மொதத் தடவ ஏறும்போது நீங்களே பட்டை கட்டுங்க" என்றேன். எனக்கே தெரியாது ஏன் கேட்டேன் என்று. அவர் சீரகத்தின் பக்கத்தில் வந்தார். கையை நீட்டினார். பட்டையைத் தொடாமலே இழுத்துக்கொண்டார். திரும்பிப் போய்த் தண்ணீர்த்தொட்டியைக் கழுவத் தொடங்கினார், காலையில்தான் கழுவியிருந்தார்.

"வேண்டாங்க. இந்தக் கைய நம்பி உங்கள எப்படீங்க..." என்றார்.

ஜனவரி 5, ஞாயிறு

சீரகம் வலப்பக்கமும் ஓடுகிறாள்.

அண்ணா கேட்டார்: "இந்த இருவத்தாறுக்கு நீங்களும் வாங்களே அம்மணி. ரேணும்மா உங்களக் கேப்பாங்க. கோகிலா எப்படி இருக்காளோன்னு ரெண்டு மூணு வாட்டி கேட்டிருக்காங்க. சிநேகிதி வந்தா சந்தோசப்படுவாங்க. எனக்கும் தொணையா இருக்கும். ஒத்தையில நின்னு அதச் சொல்றதுக்கு வருசா வருசம் கஷ்டமாத்தான் இருக்குதுங்க."

வருகிறேன் என்றேன். அவருக்குத் துணையாக.

ஜனவரி 25, சனி

நாளைக்கு நோயாளி யாராவது அவசரமாகக் கூப்பிட மாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஊரில் ஒருவருக்கும் பல் வலிக்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

காலை பத்து மணிக்கு சாய்பாபா காலனியில் ரேணு வீடு. அண்ணா வெளுத்த வேட்டி சட்டையில் வந்திருந்தார், கையில் சாத்துக்குடிப் பை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ரேணு வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். கூடத்தில் கரும்பலகை, பெஞ்சு. நான்கு கால் தடியை ஊன்றிக்கொண்டு கதவுக்கு வந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். "ஏய், கோகி" என்றாள். அந்தப் பெயரில் என்னை வேறு யாரும் கூப்பிடுவதில்லை. இழுத்து அணைத்துக்கொண்டாள். தடியின் கால் என் பாதத்தில் ஏறியது, நான் பாதத்தை இழுக்கவில்லை.

உள்ளே போனோம். "உக்காருங்கண்ணா" என்றாள் வழக்கம்போல. அண்ணா உட்காரவில்லை, வழக்கம்போல. பையை மேசையில் வைத்துவிட்டு, சுவரோரமாக நின்று, கையைக் கட்டிக்கொண்டார். மனப்பாடம் செய்த பிள்ளையைப் போல நிமிர்ந்து சொன்னார்:

"ரேணும்மா, அன்னைக்கு நான் பட்டையச் சரியா இறுக்காம உட்டுட்டனுங்க. என்னை மன்னிச்சிருங்க."

"எப்பவோ நடந்ததுங்கண்ணா, விடுங்க. கோகி, நீயாவது சொல்லேன் இவருக்கு" என்றாள் ரேணு.

நான் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. "அவர் சரியாத்தான் இறுக்கினார். நான்தான் தளத்தினேன்" என்பதுதான் எனக்குக் கேட்ட முதல் வாக்கியம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தடையைத் தட்டியது, மூச்சு வாங்கியது, ஜூஸ், கேட்டது, சொன்னது, ஆஸ்பத்திரியில் அடைந்த நிம்மதி. அந்த நிம்மதியை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை.

பள்ளிக்கூடத்து மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எத்தன துளைங்க?"

"ரெண்டு."

"அஞ்சுல இருந்து மூணு." விரலை மடக்கிப் பார்த்தார். "மூணுல சந்திராவுக்கு நிக்காதுங்க. மெலிஞ்ச ஒடம்பு. தாண்டறப்பச் சரியும்." ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலத் தலையை ஆட்டினார். "அப்ப நான் அஞ்சுல போட்டது நெசந்தானுங்களா? நான் இறுக்குனது இறுக்குனதுதானுங்களா?"

"ஆமாங்கண்ணா."

அவர் சுவரிலிருந்து நகர்ந்து வந்து, டியூஷன் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. எனக்குத்தான் வந்தது, அதுவும் வெட்கமாக இருந்தது.

"எனக்கும் ஒருக்கா அந்த நெனப்பு வந்துதுங்க" என்றார், என்னைப் பார்க்காமல். "எறங்குனா தளத்துவீங்களே, ஒருவேளை அப்படி இருக்குமோன்னு. அப்பறம் நானே என்னையத் திட்டீட்டன். அந்த அம்மணியா இருந்தா அங்கியே சொல்லியிருப்பாங்க, சொல்லாம இருக்கமாட்டாங்கன்னு."

ரேணு என்னைக் கேட்டாள். "நான் அன்னிக்கு உங்கிட்டக் கேட்டனா? பட்டை பாத்தியான்னு?"

"கேட்டே."

"கேட்டுட்டுத்தான் ஏறினனா?"

"ஆமா ரேணு."

"எனக்குத்தான் ஒண்ணுமே ஞாபகமில்லையே. பாக்காம, கேக்காம, அவசரத்துல நானே ஏறித் தொலைச்சிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். அப்பா சாகறவரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தார். ஏறுறவ பாக்க வேண்டாமான்னு." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருக்கலாம்.

வேலைக்கார அம்மாவைக் கூப்பிட்டு அண்ணாவுக்குக் காபி கொண்டுவரச் சொன்னாள். சாத்துக்குடியைப் பிழியவும் சொன்னாள். இரண்டு டம்ளர் வந்தது. காபி அவருக்கு, ஜூஸ் அவளுக்கு. என்னை உட்காரச் சொல்லவில்லை. அவர்கள் குடித்து முடிக்கும்வரை நின்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

கனகவேலிடம் இந்த நோட்டைக் கொடுத்தேன். மற்றதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பல்லைப் பற்றிய பக்கத்தில் மட்டும் டிக் போட்டிருக்கிறார். "மாசிலாமணி மூணு நாளா வரலீங்க டாக்டர். லீவு சொல்லியிருக்காரு, அவரு லீவு போட்டு நான் பாத்ததே இல்ல. வந்து அவரு என்ன சொல்றாரோ, அதுப்படிதான் நீங்க இங்க வர்றதும் வராததும்" என்றார். சரி என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

லாயத்துக் கேட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு அண்ணா வந்தார். காரைத் தாண்டி உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, கையை அசைத்து உள்ளே வரச் சொன்னார்.

சீரகத்தைத் தேய்த்துக் கட்டியிருந்தார். கோணி, அதன்மேல் சேணம். பட்டையைத் தானே எடுத்தார். அவள் வழக்கம்போல உப்பினாள். அவர் அவசரப்படவில்லை. மூன்றாம் துளையில் கட்டி, ஒரு சுற்று நடக்கவிட்டார். அவள் மூச்சை விட்டாள். நான்காம் துளை. இன்னும் ஒரு சுற்று. ஐந்தாம் துளை. பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். அவர் மறுபடி பார்ப்பாரோ என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை.

நான் தலைக்கவசத்தை எடுத்தேன். ஆறு மாதமாக இந்த நாளுக்காகத்தான். அவர் தலையை ஆட்டினார்.

"இன்னைக்கு நான் ஏறுறன்" என்றார்.

அறுபத்துமூன்று வயது. இருபத்தாறு வருடமாக எந்தக் குதிரையிலும் உட்காராதவர். அண்ணா வேட்டியை இறுக்கிக் கட்டினார், அங்கவடியில் காலை வைத்தார், சத்தமே இல்லாமல் ஏறி உட்கார்ந்தார். சீரகத்தின் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பிறகு நின்றாள். சேணம் அசையவில்லை.

அவர் நீளக் கயிற்றின் நுனியை என் பக்கம் நீட்டினார். ஜூனிலிருந்து இதுவரை என்னை அவர் அம்மணி என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

"டாக்டரே, கயித்தப் புடிங்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன்.